விடுதிக் கதவை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள்?

பவானியிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். ஜமக்காளத் தொழில். மூத்த பெண் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் இந்த வருடம் பிளஸ் டூ, பயாலஜி-மேத்ஸ் குரூப். கடிதத்தின் முக்கியமான வரிகள் இவை:

"இன்ஜினியரிங்கும் வேண்டாம், நீட்டும் வேண்டாம், ஆர்ட்ஸ்தான் படிப்பேன், அதுவும் சிட்டியில்தான் படிப்பேன் என்கிறாள். ஆர்ட்ஸ் என்றால் கோபியிலேயே காலேஜ் இருக்கிறது, ஈரோட்டில் இருக்கிறது, காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். பி.காம். சேர்த்துவிடட்டுமா என்று கேட்டால் அழுகிறாள். லீவில் வந்தால் நாள் முழுக்க நோட்டில் எதையாவது வரைந்துகொண்டிருக்கிறாள், இல்லாவிட்டால் கதைப் புத்தகம். விடுதியோடு சேர்த்து வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை என்னால் முடியும். ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நீங்கள் ஒரு வழி சொல்லுங்க."

அண்ணா, வணக்கம்ங்க.

முதலில் அந்த அழுகைக்கு வருகிறேன். பாப்பா 'ஆர்ட்ஸ்' என்று சொன்னது ஒன்று, உங்கள் காதில் விழுந்தது வேறொன்று. நம் ஊரில் இன்ஜினியரிங், டாக்டர் தவிர்த்த எல்லாமே 'ஆர்ட்ஸ் காலேஜ்' கணக்குதான், பி.காம்., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கூட அங்கேதான் இருக்கிறது. அவள் சொல்வது கலை. அதாவது வரைவது, உருவாக்குவது, எழுதுவது. அவளுக்குக் கணக்குப் பேரேட்டை நீட்டினால் அழத்தான் செய்வாள். இதில் உங்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, என்னிடம் வருகிற பெற்றோரில் பாதிப்பேர் இந்த ஒரு வார்த்தையில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

சரி, கலை என்றாலும் அது ஒரே பாதை இல்லை. கையால் வரைந்து, வனைந்து, செதுக்கிக் கற்பது ஒன்று, அதற்கு பி.எஃப்.ஏ., பி.வி.ஏ. என்று பட்டம். துணி, பொருள், எழுத்து, திரை என்று ஒரு பயன்பாட்டுக்காக வடிவமைப்பது இன்னொன்று, அது பி.டெஸ். வாசிப்பும் எழுத்தும்தான் உயிர் என்றால் இலக்கியம், வரலாறு, இதழியல். இவற்றுக்கு நடுவில் எல்லாவற்றிலும் கொஞ்சம் தொட்டுக்கொண்டு விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) நிற்கிறது. பாப்பா எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க ஆலோசகருக்குப் பணம் கட்ட வேண்டாம். அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள். (கேட்டுவிட்டுப் பாருங்கள், பதினேழு வயது நோட்டு அது.) பக்கத்துக்குப் பக்கம் படம் மட்டும் இருந்தால் ஒரு சேதி. படத்துக்குப் பக்கத்தில் வசனமும் கதையும் ஓடினால் வேறு சேதி. சட்டை, தோடு, பெட்டி, அறை என்று பொருட்களாகவே வரைந்திருந்தால் அவள் பி.டெஸ். பக்கம் சாய்கிறாள்.

அப்புறம் இந்த 'சிட்டி'. இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் நானே ஏமாந்தவள். கோபிக்காரி நான். சென்னையில் படிக்கப் போகிறேன் என்று ஊரையே கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினேன். சேர்ந்த கல்லூரி நல்ல கல்லூரிதான், பெயர் வேண்டாம். ஆனால் விடுதிக் கதவை மாலை ஐந்தரைக்குச் சாத்திவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வெளியே போக வேண்டுமென்றால் ஊரிலிருந்து அப்பா கடிதம் எழுத வேண்டும், அதுவும் உள்ளூர்க் கார்டியன் வந்து கூட்டிக்கொண்டு போனால்தான். மூன்று வருடத்தில் கடலை நான்கு முறை பார்த்தேன், அதில் ஒரு முறை என்.எஸ்.எஸ். துப்புரவுப் பணி. ஊருக்கு வந்தால் எல்லோரும் 'மெட்ராஸ் எப்படி?' என்று கேட்பார்கள், எனக்குத் தெரிந்த மெட்ராஸ் எல்லாம் மெஸ் சாம்பார்தான்.

ஆகவே கல்லூரியின் விலாசத்தில் சென்னை, பெங்களூரு, கோவை என்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பல கல்லூரிகளுக்கு விலாசம்தான் நகரம், கட்டடம் பைபாஸைத் தாண்டி சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. கல்லூரி பஸ் மூன்றரைக்குக் கிளம்பிவிடும், அதை விட்டால் வேறு வண்டி கிடையாது. கலை படிக்கிற பிள்ளைக்கு நகரத்தால் என்ன லாபம்? வகுப்பு முடிந்த பிறகு அவள் போகக்கூடிய இடங்கள்தான் லாபம். ஓவியக் கண்காட்சி, நாடகம், பழைய புத்தகக் கடை, நூலகம், கச்சேரி, தன்னைப் போலவே கிறுக்குப் பிடித்த நாலு பேர். நான்கு மணிக்கு வகுப்பு விட்டால் அங்கெல்லாம் போய்விட்டுக் கதவு சாத்துவதற்குள் திரும்ப முடியுமா? முடியாதென்றால் சென்னையில் கட்டுகிற விடுதிக் காசுக்கு பவானியிலேயே இருந்துகொள்ளலாம்.

இதைக் கேட்டதும் உங்களுக்குப் பயம் வரும், தெரியும். கதவை ராத்திரி முழுக்கத் திறந்து வைக்கச் சொல்லவில்லை. இரவு எட்டு மணி, எட்டரை, எங்கே போகிறேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போகிற ஏற்பாடு, தாமதமானால் போன் செய்ய ஒரு வார்டன். இது நடக்கக்கூடிய விஷயம், இப்படி நடத்துகிற விடுதிகள் இருக்கின்றன. தனியார் விடுதி என்றால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். பெண்கள் விடுதி எல்லாம் 2014ஆம் வருடச் சட்டப்படி பதிவு செய்து உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்கிற இடத்தில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் யோசித்துப் பார்த்தேன். பாப்பா நிஜமாகவே நகரத்தைக் கேட்கிறாளா, அல்லது விடுதிப் பள்ளியிலிருந்து விடுதலை கேட்கிறாளா? விடியற்காலை ஸ்டடி, ராத்திரி ஸ்டடி, ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் என்று இரண்டு வருடம் இருந்த பிள்ளைக்கு எந்த ஊர் கிடைத்தாலும் சொர்க்கமாகத்தான் தெரியும். உங்கள் ஊரில் அவள் தெருவில் இறங்கி நடந்தால் பத்தடிக்கு ஒருவர் 'நீ யாரு பொண்ணு கண்ணு?' என்று நிறுத்துவார்கள். யாருக்கும் தெரியாத ஆளாக ஒரு தெருவில் நடக்க வேண்டும் என்ற ஆசை அந்த வயதில் வரும், அது கெட்ட ஆசை இல்லை. ஆனால் அந்த ஆசைக்குக் கோயம்புத்தூரே போதுமா, சென்னைதான் வேண்டுமா என்பதை அவளிடம் சண்டை போடாமல் பேசினால்தான் தெரியும்.

இனி ஊர் ஊராகச் சொல்கிறேன், எனக்குப் பிடித்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

வரைவதுதான் அவள் பாதை என்றால் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது, இந்தியாவின் மிகப் பழைய ஓவியப் பள்ளிகளில் ஒன்று. மெரினாவில் உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீர்கள், அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி இங்கே முதல்வராக இருந்தவர். அவருக்குப் பின்னால் முதல்வராக வந்த கே.சி.எஸ். பணிக்கர் பிறந்தது நம்ம கோயம்புத்தூரில், 1911இல். படிப்பு முடித்த ஓவியர்கள் பிழைப்புக்குத் திண்டாடுகிறார்கள் என்று 1966இல் கடற்கரையோரம் நிலம் வாங்கி சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர் அவர்தான், அந்த ஓவியர்கள் பத்திக் (மெழுகு தடவிச் சாயமேற்றும் துணி) போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றுத்தான் அந்தக் கிராமத்தையே நிறுத்தினார்கள். 'படம் வரைந்து என்ன சம்பாதிக்கப் போகிறாள்' என்று கேட்கிற உங்கள் ஒறம்பரைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

அந்தக் கல்லூரியில் ஓவியம், சிற்பம் மட்டும் இல்லை, ஜவுளி வடிவமைப்பும் ஒரு பிரிவு. நான்கு வருடம். அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் உங்கள் பட்ஜெட்டில் ஒரு மூலைக்குக் காணாது, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் வரைபொருட்களுக்கும்தான் செலவு. (வரைபொருளைக் குறைவாக நினைக்காதீர்கள், நல்ல கேன்வாஸும் சாயமும் மாதாமாதம் கடிக்கும்.) மார்க்கை மட்டும் பார்த்து எடுத்துவிட மாட்டார்கள், வரைந்து காட்ட வேண்டும். இடம் பெரியமேட்டில், சென்ட்ரலில் இறங்கினால் நடந்தே போகலாம். எழும்பூர் அருங்காட்சியகமும் கன்னிமாரா நூலகமும் ஒரே வளாகத்தில் பக்கத்திலேயே இருக்கின்றன. நான் சொன்ன 'நகரத்தால் லாபம்' என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. குறையும் சொல்லிவிடுகிறேன். அரசு அலுவலக வேகம்தான் இருக்கும், யாரும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக மாட்டார்கள், தானாக வேலை செய்கிற பிள்ளைக்குத்தான் அது சரிப்படும். விடுதிப் பள்ளியில் மணி அடித்தால் படித்துப் பழகியவளுக்கு முதல் ஆறு மாதம் தடுமாற்றம் வரலாம்.

இதே மாதிரி அரசுக் கல்லூரி கும்பகோணத்திலும் இருக்கிறது, மரபுச் சிற்பத்துக்கு மாமல்லபுரத்தில் இருக்கிறது. இரண்டும் நல்ல இடங்கள், ஆனால் நகரம் கேட்கிறவளை அங்கே அனுப்பினால் மறுபடியும் கடிதம் எழுதுவீர்கள்.

ஸ்டெல்லா மாரிஸ், கதீட்ரல் சாலை, பெண்கள் கல்லூரி, 1947இலிருந்து இருக்கிறது. அங்கே நுண்கலைத் துறை பேர் பெற்றது, கலை வரலாற்றையும் சேர்த்துச் சொல்லித்தருவார்கள். வெளியே வந்தால் அதே சாலையில் செம்மொழிப் பூங்கா, சாலைக் கோடியில் மியூசிக் அகாடமி. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு 'பெண்கள் கல்லூரி' என்ற வார்த்தை நிம்மதி தரும், பாப்பாவுக்கு இடம் பிடிக்கும். இருவருக்கும் நடுவில் நிற்கிற உங்களுக்கு இது வசதி.

வாசிப்புதான் உயிர் என்றால் ராணி மேரி கல்லூரி, 1914இல் தொடங்கியது, மெரினா எதிரில், அரசுக் கல்லூரி. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அரசு கலைக் கல்லூரிகளுக்கான பொது ஆன்லைன் விண்ணப்பத்திலேயே இதற்கும் போடலாம். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இருக்கிறது. நகரத்தை விட்டுத் தள்ளி, பெரிய காட்டுக்குள் இருக்கிற மாதிரிதான் தோன்றும், ஆனால் வெளியே வந்தால் தாம்பரம் ரயில் நிலையம், மின்சார ரயிலில் முக்கால் மணி நேரத்தில் எழும்பூர். இதனால்தான் கிலோமீட்டரைக் கேட்காதீர்கள், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள் என்கிறேன். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். உங்கள் பாப்பா தனியார் பள்ளி என்பதால் கிடைக்காது, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொன்னேன்.

அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே கல்லூரி, ஒரே வளாகம், ஆனால் உதவி பெறும் பிரிவில் ஒரு கட்டணம், சுயநிதிப் பிரிவில் பல மடங்கு கட்டணம். விஸ்காம் மாதிரியான புதிய படிப்புகள் பெரும்பாலும் சுயநிதியில்தான் இருக்கும். 'அந்தக் காலேஜில் ஃபீஸ் கம்மிதானே' என்று யாராவது சொன்னதை நம்பிப் போய் நிற்காதீர்கள். எந்தப் பிரிவு, ஒரு செமஸ்டருக்கு எவ்வளவு, லேப் கட்டணம், கேமரா கட்டணம் தனியா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பி.டெஸ். பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னை தரமணியில் நிஃப்ட் இருக்கிறது, ஆடை வடிவமைப்பு கற்பிக்கிற மத்திய அரசு நிறுவனம். ஆனால் கல்விக் கட்டணமே வருடத்துக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டும். உங்கள் ஒன்றரை லட்சத்தில் நடக்காது, கல்விக் கடன் எடுக்கத் துணிந்தால் பார்க்கலாம். பெங்களூருவில் தனியார் டிசைன் கல்லூரிகள் அதையும் தாண்டும். அங்கே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் சித்ரகலா பரிஷத்தைப் பாருங்கள், ஓவியம் கற்பிக்கிற பழைய இடம், ஜனவரியில் அவர்கள் நடத்துகிற சித்திரச் சந்தைக்கு அந்தச் சாலை முழுக்க ஓவியர்கள் கடை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். லட்சுமி நகர் பைபாஸில் நின்றால் பெங்களூரு பஸ் கிடைக்கும், உங்களுக்கு அது சென்னையைவிடக் கிட்டம். இருந்தாலும் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு முதல் பட்டத்துக்குச் சென்னைதான் செலவு கம்மி.

கோயம்புத்தூரை நான் கழிக்கவில்லை. பீளமேட்டில் கிருஷ்ணம்மாள் மகளிர் கல்லூரி இருக்கிறது, பி.எஸ்.ஜி. கலைக் கல்லூரியில் விஸ்காம் இருக்கிறது, அவினாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது. இலக்கியமோ விஸ்காமோ என்றால் கோவையே போதும், சனிக்கிழமை அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத் திங்கள் காலை திரும்பலாம். ஓவியம், சிற்பம் என்றால் மட்டும்தான் சென்னைக்குப் போகச் சொல்கிறேன்.

எந்தக் கல்லூரிக்குப் போனாலும் அலுவலகத்தில் உட்கார்ந்து பிராஸ்பெக்டஸ் வாங்கிவிட்டுத் திரும்பாதீர்கள். ஸ்டுடியோவைக் காட்டச் சொல்லுங்கள். தரை பளபளவென்று இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும், வேலை நடக்கிற ஓவிய அறையில் தரை எல்லாம் சாயம் சிந்தியிருக்கும், மூலையில் களிமண் காய்ந்து கிடக்கும். மாணவர்கள் மூன்று பேரைப் பிடித்து, 'போன வாரம் காலேஜுக்கு வெளியே எங்கே போனீங்க?' என்று மட்டும் கேளுங்கள். மூவரும் 'மால்' என்று சொன்னால் யோசிக்க வேண்டும். கல்லூரித் தரவரிசைப் பட்டியலை நீட்டிக்கொண்டு யாராவது வருவார்கள். அதில் மொத்தக் கல்லூரிக்குத்தான் இடம் போட்டிருக்கும், ஆராய்ச்சி, ஆசிரியர் எண்ணிக்கை என்று பலதும் கூட்டிப் போட்ட கணக்கு அது. ஓவியத் துறை எப்படி என்று அதில் தெரியாது.

ஒறம்பரை கேட்கிற சம்பாத்தியக் கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மூன்று வருடம் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், இன்ஜினியரிங் முடித்த பெரியப்பா பையனோடு ஒப்பிட்டுத் தீபாவளிக்குத் தீபாவளி பேச்சு வரும், அதைத் தாங்கிக்கொள்ள நீங்கள் தயாராக இருக்க வேண்டும். ஆனால் வேலை இல்லாத துறை இல்லை. திருப்பூரில் பனியன் பிரிண்டுக்கும் கரூரில் வீட்டு உபயோகத் துணிக்கும் டிசைன் போட ஆள் தேடுகிறார்கள். விளம்பரம், அனிமேஷன், புத்தக ஓவியம், பள்ளி ஓவிய ஆசிரியர் என்று இருக்கிறது. உங்கள் தறியில் பச்சைக்குப் பக்கத்தில் எந்தச் சிவப்பு நிற்கும் என்று நீங்கள் இத்தனை வருடமாக முடிவு செய்துகொண்டிருக்கிறீர்களே, அதற்குப் பெயர் என்னவென்று நினைத்தீர்கள்?

இனி நாட்காட்டி. நம் ஆட்கள் தவறவிடுவது இங்கேதான். ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். நிஃப்ட், என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம், இன்ஜினியரிங் என்.ஐ.டி. இல்லை), ஐ.ஐ.டி. பி.டெஸ்ஸுக்கான யூசீட் நுழைவுத்தேர்வு, இவற்றுக்கு விண்ணப்பம் பெரும்பாலும் செப்டம்பர் முதல் டிசம்பருக்குள், தேர்வு டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள். மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதும்போது அந்தக் கதவுகள் மூடியிருக்கும். அரசு கவின் கலைக் கல்லூரி ரிசல்ட்டுக்கு அப்புறம்தான், ஆனால் அதற்குக் கை பழகியிருக்க வேண்டும், அதை மே மாதம் தொடங்கினால் நேரம் போதாது.

கண்ணு, இந்தப் பத்தி உனக்கு. போனில் பார்த்து நடிகர் முகம் வரைவதைக் கொஞ்ச நாள் நிறுத்து. பார்த்து வரை. கூடுதுறையில் திதி கொடுக்க வந்து ஈரத்துணியோடு படியில் உட்கார்ந்திருப்பவர்களை வரை. குழித்தறியில் அப்பாவின் கால் எப்படி மிதிக்கிறது, கை எங்கே போகிறது, அதை இருபது தடவை வரை. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு இரண்டு நிமிடத்துக்குள் ஒரு ஆளை முடி. அழிப்பான் வேண்டாம். விடுதியில் நேரம் இல்லை என்பாய், தெரியும், சாப்பாட்டு வரிசையில் நிற்கிற நேரம் போதும். ஜனவரிக்குள் நூறு படம் சேர்ந்தால் எந்தத் தேர்வுக்கும் பயப்பட வேண்டாம். சேராவிட்டால் அதையும் ஒரு சேதியாக எடுத்துக்கொள், ஒருவேளை நீ அந்தக் கதைப் புத்தகத்தின் பக்கமோ என்னவோ.

அண்ணா, காலாண்டு விடுமுறையில் இருவரும் ஒரு தடவை சென்னை போய்விட்டு வாருங்கள். ஈரோட்டில் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்ட்ரல். ஆயுத பூஜை நாளைத் தவிர்த்துவிடுங்கள், கல்லூரிகள் பூட்டியிருக்கும். புதன் ராத்திரி கிளம்பினால் வியாழக்கிழமை காலை கவின் கலைக் கல்லூரி, மதியம் அருங்காட்சியகம், மறுநாள் மற்ற கல்லூரிகள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு எந்த விடுதியையாவது பார்க்கப் போங்கள், பகலில் போனால் எல்லா விடுதிக் கதவும் திறந்துதான் இருக்கும். டிக்கெட் 60 நாளைக்கு முன்பே திறந்துவிடுவார்கள், லீவு சமயம் என்பதால் சீக்கிரம் தீர்ந்துவிடும், இந்த வாரமே பார்த்துவிடுங்கள்ங்க.